முதல் ஊசியும் சாவு மேளமும்

எங்கள் நாய்க்கு என்னைக் கண்டாலே ஆகாது. சோறு போடுவது, குளிப்பாட்டுவது, கொஞ்சுவது எல்லாம் என் மனைவிதான். நான் காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறி இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவன்.

அதன் கழுத்தில் எலுமிச்சம்பழம்போலக் கட்டிகள் வந்தன. புற்றுநோய் என்றார் குரோம்பேட்டை கால்நடை டாக்டர். செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்ட காலம்தான். ஆனால் நாய்க்குக் கேன்சர் என்றால் சிரித்தார்கள். நானும் சிரித்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாராவாரம் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். முதல் ஊசிக்குப் போன அன்று, நாயோடு உள்ளே நுழைந்த மனைவியை டாக்டர் மறித்தார். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

"மாசமா இருக்கிறவங்க இந்த மருந்து பக்கமே வரக் கூடாதும்மா. சார் பிடிச்சுப்பார்."

"இவரா?" என்றாள். நாயும் என்னை அப்படித்தான் பார்த்தது.

டாக்டர் மாஸ்க் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டார். முன்னங்காலில் மயிரைச் சிரைத்து, மெல்லிய குழாயை நரம்பில் செருகி, முதலில் உப்புநீரை விட்டுப் பார்த்தார்.

"மருந்து நரம்புக்குள்ள போனா கவலையில்ல. காலை உதறி வெளிய கசிஞ்சுதுன்னா சதை வெந்துடும் சார். காலையே எடுக்க வேண்டி வரலாம். கெட்டியாப் பிடிங்க."

பிடித்தேன்.

பாதி மருந்து போயிருக்கும். தெருக்கோடியில் சாவு மேளம் கேட்டது. பின்னாலேயே டமார் என்று வெடி. தீபாவளிக்குக் கட்டிலடியை விட்டு வராத நாய் இது. என் கைக்குள் அப்படியே விறைத்தது.

"விடாதீங்க சார்!" டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். குழாய் முழுக்க மருந்து. மேளம் நெருங்கிக்கொண்டே வந்தது. அடப்பாவிகளா, செத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இருக்கிறதை ஏன்டா சாகடிக்கிறீர்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

சட்டென்று மேளம் நின்றது.

டாக்டர் ஊசியை லேசாகப் பின்னுக்கு இழுத்தார். ரத்தம் வந்தது. குழாய் நரம்பை விட்டு நகரவில்லை. மீதி மருந்தையும் ஏற்றி, உப்புநீர் விட்டு, குழாயை உருவிக் கட்டுப் போட்டார்.

நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், பூத்தேர் நடுத்தெருவில் நிற்கிறது. அதன் எதிரே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் மனைவி. சாவு போகிற தெருவில் மாசமாக இருப்பவளை வாசலுக்குக்கூட விடமாட்டார்கள் எங்கள் வீட்டில்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு பொணத்துக்கு எதிர்ல வந்து நின்னுகினு கீது. எவன் சார் அடிப்பான்?" என்று மேளக்காரர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

"நாய்க்கு ஊசி போடுறாங்க, கொஞ்சம் நிறுத்துங்கண்ணான்னுதான் கேட்டேன்" என்றாள் மனைவி.

கொள்ளிச்சட்டியோடு நின்றவன் என் வயதுக்காரன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாயின் கால் கட்டைப் பார்த்தான்.

"ஊசி ஆயிட்ச்சா சார்?"

"ஆச்சு" என்றேன்.

அவன் மேளக்காரர் பக்கம் திரும்பினான்.

"தெருமுனை தாண்டி அடிங்கண்ணா. எங்கப்பாவுக்கு இனிமே இன்னா அவசரம்."