முகத்துவாரத்து நீரோட்டம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை சீர்செய்கிற அந்த ஒல்லி மனிதர், எதைச் செய்வதற்கு முன்பும் முகத்துவாரத்து நீரோட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மார்கழியில் கால்நடை மருந்தகத்துக்கு என்னைத் தேடி வந்தார். “எதிர்க்கரைப் பொட்டை நாய் வாசம் புடிச்சதுலேர்ந்து என் நாய் சோறே துன்றதில்ல சார். அங்க நீந்தப் பாக்குது. கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க.”

“பொங்கல் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கட்டிப் போடுங்க” என்றேன். அன்று எனக்கு வேலை அதிகமில்லை. சோம்பல்தான்.

பொங்கல் போயும் அவர் வராததால் நானே போனேன். கரையில் நின்ற அவர் படகில் கயிறு மட்டும் கட்டியிருந்தது; நாய் இல்லை.

“மூணு நாளா அழுதுச்சு. மனசு கேக்காம அவுத்து உட்டேன். நேரா தண்ணியில எறங்கிடுச்சு. கடல் பக்கம் இழுக்குற நேரம், அடிச்சுக்கினு போயிடுச்சு. அன்னிக்குனு நான் தண்ணியப் பாக்கல சார். என் தப்பு.”

தள்ளிப்போட்ட என் தப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.