கட்சித் துண்டும் கறுப்புக் கோட்டும்

வல்லம் வடகால் கிராமத்தில் இருக்கும் எங்கள் வயலை அரசாங்கம் தொழிற்சாலைக்கு எடுப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. எதிர்த்து நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது செங்கல்பட்டு கோர்ட் வாசலில்தான்.

அங்கே எங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தேன், ஆளுங்கட்சி, வக்கீலும்கூட. குள்ள உருவம், அடங்காத மீசை. கட்சித் துண்டைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் கறுப்புக் கோட்டு போடுவார். அன்று சேரப்பணஞ்சேரிக்காரர் ஒருவரின் நிலத்துக்காக அரசாங்கத்தை எதிர்த்து வாதாட வந்திருந்தார்.

கட்சிக் கிளைச் செயலாளர் மறித்தார். "இன்னா தலைவரே, நெலம் எடுக்குற இந்தச் சட்டம் நீங்களே கை தூக்கிப் பாஸ் பண்ணதுதானே?"

"ஆமாய்யா. அதான் எங்க பொத்தல் கீதுன்னு எனக்குத் தெரியும். வழிய வுடு."

அப்படிப்பட்டவர் சட்டசபையில் ஏன் கை தூக்கினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு எங்கள் பத்திரத்தோடு அவரிடம் போகிறேன். முதலில் அதைக் கேட்பேன். பதில் சொன்ன பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவேன்.