படைக்காத பொங்கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி சனிக்கிழமை, அன்னவாசல் பக்கத்துக் குன்று ஒன்றில் இது நடந்தது. சனி, ஞாயிறு வந்தால் குன்று குன்றாக ஏறி இறங்கும் குழு ஒன்று எங்கள் ஊரில் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் மலை என்று பெரிதாக என்ன இருக்கிறது? மொட்டைப் பாறைதான். மரமும் கிடையாது, நிழலும் கிடையாது. அதில் வெந்துகொண்டே ஏறுவதற்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் வீட்டுக்காரர்.

தலைவர் என்றால் சும்மா இல்லை. முதல் நாளே வாட்ஸ்அப்பில் உத்தரவுகள் பறக்கும். தண்ணீர் எடுத்து வாருங்கள், தொப்பி போடுங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள். கடைசி உத்தரவு அவருக்குப் பொருந்தாது. அன்று அவருக்குப் பெருமாள் விரதம். விரதத்தோடு மலை எதற்கு என்று கேட்டதற்கு, "பெருமாள் பாத்துக்குவாரு" என்றார். விரதம் ஞாபகம் இருந்த மனிதருக்கு, சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போடக்கூடாது என்பது ஞாபகம் இல்லை. காலையில் பழக்கத்தில் விழுங்கிவிட்டார். எனக்கு அது தெரியாது.

எங்களோடு வெளியாள் ஒரு பெண்ணும் ஏறி வந்தார். கையில் துணி கட்டிய தூக்குவாளி. உச்சியில் நாமம் போட்ட கல் ஒன்று இருக்கிறது. அதற்குச் சர்க்கரைப் பொங்கல் படைக்கப் போகிறாராம். ஏதோ வேண்டுதல் என்றார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வீட்டுக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. என்னையே யாரோ போலப் பார்த்தார். "மாத்திரை போட்டீங்களா?" என்றேன். தலையாட்டினார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது அடிவாரம் வரைதான் வரும்.

ஆளாளுக்குக் கடலை மிட்டாயை நீட்டினார்கள். "வெரதம், வெரதம்" என்று தட்டிவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். கண் செருக ஆரம்பித்தது. என் கண் முன்னாலேயே போய்விடுவாரோ என்று பயந்து, அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன்.

"சக்கரையா? கொஞ்சம் அங்கிட்டு தள்ளுங்கக்கா" என்று அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூக்குவாளித் துணியை அவிழ்த்து ஒரு கை பொங்கலை அள்ளினார்.

"அண்ணே, பெருமாளுக்குப் படைச்ச பிரசாதம்ணே. வேணாம்னு சொல்லக்கூடாது. வாயத் தொறங்க."

திறந்துவிட்டார்! அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். சற்று நேரத்தில் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. "ஏன் எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கிறீங்க?" என்று அதட்டினார். அப்பாடா, ஆள் திரும்பி வந்துவிட்டார்.

படைத்ததாவது! வாளி எங்களோடுதானே ஏறி வந்தது. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "கை வச்சதை இனி சாமிக்குப் படைக்க முடியாதேம்மா. என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"தம்பி ஜெகதாப்பட்டினத்துல போட்டுக்குப் போறான்க்கா. கடல்ல இலங்கை நேவிக்காரங்க புடிச்சிட்டுப் போயி ஜெயில்ல வச்சிருக்காங்க. அவன் வந்துரணும்னுதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே, "சாமி எங்க போயிறப் போவுது? அடுத்த வாரம் வேற பொங்கி எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு, சூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று நாங்கள் இறங்கிவிட்டோம். அந்த அவசரத்தில் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொங்கலோடு நானே போனேன். வெயில் ஏறும் வரை காத்திருந்தேன், அந்தப் பெண் வரவில்லை. அவர் தம்பிக்காக வேண்டிக்கொண்டு நானே அந்தக் கல்லுக்குப் படைத்துவிட்டு வந்தேன்.

பெருமாளே பிரசாதம் கொடுத்தனுப்பினார் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். நான் திருத்தியதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். மீனவர்கள் விடுதலை என்று டி.வி.யில் காட்டும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து நிற்கிறேன். முகமே தெரியாத அந்தத் தம்பி, வரிசையில் நடந்து வருகிறவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன்.