போர்வை லாரி

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்தார்கள். எங்கோ வெள்ளமாம், பழைய துணி இருந்தால் போடலாம் என்று வாட்ஸப்பில் செய்தி. மறுநாள் பால் வாங்க இறங்கியபோது பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மேலாக ஒரு குழந்தையின் பட்டுப்பாவாடை, கீழே யாரோ ஒருவருடைய கல்யாணக் கோட்டு. குனிந்தால் குப்பென்று அந்துருண்டை வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஓர் ஆடு ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எழுபதுகளில் வில்லியனூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்து ஒன்றியத்தில், எனக்குக் கிராமசேவிகா வேலை. புகையில்லா அடுப்பு, கீரைத்தோட்டம், குழந்தைகளுக்கான சத்துமாவு என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயது. புதுச்சேரி டவுனில் பிறந்து வளர்ந்தவள். எந்தப் பட்டத்தில் எந்த நெல் என்று பரீட்சைக்காகப் படித்திருந்தேனே ஒழிய, நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஊரில் எல்லோரும் என்னை ‘டீச்சர்’ என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். குடையும் நோட்டுப் புத்தகமுமாக வருகிறவள் வேறு யாராக இருக்க முடியும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசிக் கடைசியில் சங்கராபரணி ஆறு கரையை உடைத்துக்கொண்டது. உறுவையாறு என்ற ஊர்ப்பக்கம் ஆற்றோரமாக ஒரே ஒரு தெரு. எல்லாம் சிறு விவசாயக் குடும்பங்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆடுமாடுகளைக்கூட ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மண்சுவர்கள் கரைந்து உட்கார்ந்துவிட்டன. நட்டு வேர்பிடித்திருந்த சம்பா முழுக்கப் போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் லாரிகள் வரத்தொடங்கின. கொடுத்தவர்கள் மனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்ததெல்லாம் துணி. பொத்தான் இல்லாத சட்டைகள், ஜரிகை கிழிந்த சேலைகள், ஹீல்ஸ் செருப்பு ஒரு ஜோடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டிலிருந்து பித்தளைப் பொத்தான் வைத்த கனத்த கம்பளிக்கோட்டு ஒன்று வந்தது, அந்துருண்டை மணக்க. அதை அஞ்சலை தன் சினையாட்டுக்குப் போட்டு விட்டாள். ஈரத்தில் நடுங்குகிறதாம். ஆடு பட்டாளத்து ஆபீசர் மாதிரி தெருவில் உலாத்தியது.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரு காணி நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். தெருவில் எதையும் முதலில் சொல்கிறவள் அவள்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நான் செய்த காரியம் இருக்கிறதே! திருக்கனூர் கடைத்தெரு வியாபாரிகள் உதவி செய்ய விரும்புகிறார்கள், என்ன வேண்டும் என்று எழுதிக்கொடு என்றார் எங்கள் அதிகாரி. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதினேன். போர்வை, பால்பவுடர், பிஸ்கெட். ஜன்னலுக்கு வெளியே தூறல். எனக்குக் குளிர்ந்தது, போர்வை என்று எழுதினேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

வியாபாரிகள் சார்பில் முன்னின்றவர் ஜவுளிக்கடை தனகோடி முதலாளி. வெள்ளை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி, அளந்து பேசுகிற மனிதர். தன் கடையிலிருந்தே புத்தம்புதுப் போர்வைகள், வீட்டுக்கு இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரியோடு வந்து இறங்கினார். டவுனிலிருந்து போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவரும் வந்திருந்தார். நான் வரிசையில் முதல் ஆளாக அஞ்சலையை நிறுத்தினேன். போட்டோவுக்கு நன்றாக இருப்பாள் என்று.

முதலாளி போர்வையை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா டீச்சர் இது, மறுபடியும் துணியா?”

“புதுசு அஞ்சல, வாங்கிக்க” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“புதுசுதான். வாங்கி எங்க வெக்கிறது? வூடே இல்லியே. கார்த்திக கடைசிக்குள்ள நாத்து வுட்டாதான் நவரைப் பட்டத்துல ஒரு போகம் எடுக்க முடியும். வெத நெல்லெல்லாம் தண்ணியில ஊறி மொளச்சிப் போச்சி. அத வுட்டா பங்குனிக்கு மேல இன்னாத்த துன்றது? இந்தப் போர்வையையா?”

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். முதலாளியின் முகம் சிவந்தது. “குடுக்கறத வாங்கிக்க மாட்டாங்களா உங்க ஜனங்க?” என்று என்னிடம்தான் கேட்டார். போர்வைகளை மேட்டிலிருந்த பஜனைமடத்தில் இறக்கச் சொல்லிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அவமானம். அஞ்சலை மேல் கோபம். என் வேலையே போய்விடும் என்று பயம். வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்தபோதுதான் அவள் சொன்னதைக் காதில் வாங்கினேன் என்று நினைக்கிறேன். காலையில் விவசாய ஆபீசுக்கு ஓடினேன். விதைநெல்லுக்கு எழுதிப்போட்டிருக்கிறோம், வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதம் கழித்து விதைநெல் வந்து என்ன, வராமல் என்ன?

அங்கிருந்து நேராகத் திருக்கனூர் பஸ் ஏறினேன். கடையில் முதலாளி என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல் ஒரு கல்யாண கோஷ்டிக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

“அந்த லிஸ்ட்ட யாரும்மா எழுதினது?”

“நான்தாங்க.”

“அந்த ஜனங்கள கேட்டியா?”

“இல்லீங்க.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். “நானும் கேக்கல” என்றார். “எங்கிட்ட இருந்தது போர்வ. அதான் உடனே சரின்னுட்டேன்.”

அன்று மாலையே மண்டியில் நெல் பார்த்தார். நான் சந்தோஷமாக உறுவையாற்றுக்குச் சைக்கிள் மிதித்துப் போய்ச் சொன்னால், அஞ்சலை அதற்கும் தலையாட்டவில்லை. “மண்டி நெல்லு சோத்துக்கு ஆவும், வெதைக்கு ஆவாது. ஒரு புடி ஈரத்துணியில கட்டி வெச்சிப் பாக்கச் சொல்லு. மூணு நாள்ல மொள வரணும்.”

இதை எப்படி அவரிடம் போய்ச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புது மல்லுத்துணியில் ஒரு துண்டு கிழித்து, நெல்லைக் கட்டித் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் பிரித்தால் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்த நெல்லைத் திருப்பி அனுப்பிவிட்டு, தெரிந்த குடியானவர் ஒருவர் வீட்டில் விதைக்கென்று காயவைத்திருந்ததைக் கேட்டு வாங்கினார். அதையும் கட்டி வைத்தார். அந்த மூன்று நாளும் நான் ஆபீசில் ஒரு வேலையும் செய்யவில்லை. நாலாம் நாள் கடைக்குள் நுழைந்ததுமே கத்தினார்: “வந்துட்டுதும்மா! எல்லாம் வெள்ள வெளேர்னு மொள!” ஜவுளி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கார்த்திகை முடியப் பத்து நாள் இருக்கும்போது மூட்டைகள் வந்து இறங்கின. இந்த முறை போட்டோக்காரர் இல்லை. முதலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் நின்று, ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு நிலம் என்று கேட்டுக்கேட்டுக் கொடுத்தார். நான் மரக்காலில் அளந்து போட்டேன். பங்குனியில் அறுவடை ஆயிற்று. பிரமாதமான விளைச்சல் இல்லை, ஆனால் பசியில்லாமல் ஓட்டினார்கள். முதலாளிக்குப் புது அரிசி ஒரு படி கொடுத்தனுப்பினாள் அஞ்சலை. எனக்கு ஒரே பெருமை. பல வருடம் இந்தக் கதையை என் சாதனையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு பாகூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டேன். எண்பதுகளில் ஒருநாள் அந்த வழியாக வந்தபோது அஞ்சலையைப் பார்க்கப் போனேன். தெருக் கடைசியில் ஒரு மனை காலியாகக் கிடந்தது. அது யார் வீடு என்றேன்.

“கண்ணையன் வூடு. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுகினு செங்கல் சூளைக்குப் போனான். திரும்பல.”

“அவருக்கும் விதநெல்லு குடுத்தமே?”

“அவன் நெலத்துல முட்டி ஒசரத்துக்கு ஆத்து மணலு. வெதைய எங்க வுடுவான்? மணல வாரிக் கொட்ட ஆளுதான் வேணும்னான். பத்து பேரு ஒரு வாரம் கை குடுத்திருந்தா போதும். எங்களுக்கு அவங்கவங்க நாத்து பெருசாப் போச்சி.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அஞ்சல.”

“சொல்றதுக்குத்தான் வந்தான், டீச்சர். உம்பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தான். நீ நெல்லு அளந்துகினு இருந்த.”

எவ்வளவு யோசித்தும் அவர் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் நிலத்தைப் போய்ப் பார்த்தேன். கண்ணையன் யாருக்கோ விற்றுவிட்டார், வாங்கியவர் மணலுக்காகவே வாங்கினார் என்றாள் அஞ்சலை. அப்போது சேதராப்பட்டில் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வெள்ளம் விட்டுப்போன மணலை முதலில் அள்ளினார்கள். அது தீர்ந்ததும் அடியில் இருந்த வண்டலைச் செங்கல்லுக்கு வெட்டினார்கள். பிறகு அதற்கும் கீழே தோண்டினார்கள். நான் போனபோது அங்கே நிலம் என்று ஒன்று இல்லை. பனைமரம் முழுகும் ஆழத்தில் பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர், கரையில் அடுத்த நடைக்காக இரண்டு லாரிகள்.