குமரனின் தீவு நோட்டு

செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் என்னோடு வேலை செய்யும் குமரனுக்குக் கடலாமை என்றால் உயிர். ஏஜென்ட் இல்லாமல் நாங்களே கடல் தாண்டி சபா மாநிலத்துக்குப் போய், தீவு தீவாகச் சுற்றி ஆமைகளைப் பார்ப்பதாகத் திட்டம். எந்தத் தீவுக்கு எப்போது படகு என்பதையெல்லாம் அவன்தான் ஒரு நோட்டில் எழுதிவந்தான்.

தீவில் தங்க இடம் பதிவு செய்ய அவன் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரைக் கேட்டேன். "நாளைக்கு அனுப்புறேன்லா" என்றான். மூன்று வாரமும் அதே பதில். ஒருநாள் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"வாய்தான்டா உனக்கு! வர பயமா இருந்தா சொல்லித் தொலை."

அவன் பர்ஸைத் திறந்து ஐசியை மேசைமேல் வைத்தான். எங்களுடையதைப் போல நீலம் அல்ல, பச்சை. குடியுரிமை இல்லாதவர்களின் அட்டை.

"புலாவ் செபாங் எஸ்டேட்லதான்டா பொறந்தேன். வீட்ல யாரும் பொறப்பப் பதியல. சபாவுக்குள்ள நுழைய தனி செக்கிங் இருக்கு, இத வெச்சு விடுவாங்களான்னு கேக்கவே பயம்."

"அப்புறம் ஏன்டா இவ்வளவு பிளான் போட்ட?"

"போடும்போது நானும் வர்ற மாதிரியே இருந்துச்சுடா."

மறுநாள் நோட்டை என் லாக்கரில் வைத்திருந்தான். படகு நேரங்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'ஐசி எடுத்துக்க மறந்துடாத.'

நான் இன்னும் போகவில்லை. இத்தனை வருடம் அவன் யாருக்கும் காட்டாத அட்டையை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் எடுத்து வைக்கச் செய்தவன் நான்.