அலுமினிய ரிம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் அப்படி ஒரு வண்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. இரட்டை சிலிண்டர், 250 சிசி, ஜப்பான்காரன் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்த டூ-ஸ்ட்ரோக். சென்னையில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர் கப்பலில் கொண்டுவந்து, ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தபோது அதற்கு வயதாகியிருந்தது. பெட்ரோல் டேங்கின் சிவப்பு வெளுத்திருந்தது. ஆனாலும் நான் பஜார் தெருவில் திரும்பினால் தறிச் சத்தத்தையும் மீறி அதன் சத்தம் கேட்கும்.

எங்கள் வீட்டில் பட்டுத் தறிகள். நெய்து மடித்த சேலைகளை வேலூர்க் கடைகளுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. சேவூரைத் தாண்டிவிட்டால் கண்ணமங்கலம் வரை எனக்கும் வண்டிக்கும் நடுவில் யாரும் கிடையாது. திரும்பும்போது சேலைப் பெட்டி காலியாக இருந்தால், சந்தவாசல் பக்கம் ஒரு சுற்று போய் வளைவுகளில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

நேர் ரோட்டில் அது பறக்கும். வளைவில்தான் பேஜார். இரும்பு ரிம் போட்ட சக்கரங்கள் ஆட்டுக்கல் மாதிரி கனம். ஒரு பக்கம் சாய்த்த வண்டியை மறுபக்கம் சாய்க்கத் தோள் வலிக்கும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் எகிறிக் குதித்துத் தாமதமாகத்தான் தரைக்கு வரும். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடக்கும் பந்தயத்தில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எஞ்சினுக்கு உதிரி கிடைக்காது. அதைத் தொட்டால் உள்ளதும் கெடும். கனத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. கனத்தில் பெரிய கனம் சக்கரம்.

"இருக்கிற சக்கரம் ஓடிகினுதானே இருக்குது?" என்றார் அப்பா.

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி உள்ளூர்தான். அவள் அப்பாவுக்குப் பட்டு நூல் வியாபாரம். கல்யாணத்துக்கு முன் கடையில் நூலை நிறுத்துக் கொடுத்தது அவள்தான். கையில் வாங்கியதுமே எடை கூட்ட ஈரம் ஏற்றிய நூலா, காய்ந்த நூலா என்று சொல்லிவிடுவாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"சக்கரத்துல எந்த எடத்துல கனம் கொறையணும்?"

"எங்க கொறைஞ்சா இன்னா? மொத்தத்துல கொறையணும்."

"அப்படி இல்லீங்க. நூல் சுத்துற ராட்டையில வெளி ஓரத்துல ஈரம் ஏறிப்போச்சுன்னா கெளப்புறதுக்கும் கை வலிக்கும், நிறுத்துறதுக்கும் கை வலிக்கும். நடுவுல எவ்ளோ கனம் இருந்தாலும் தெரியாது."

நான் முற்றத்துக்குப் போய் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டுக் கையால் நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. அன்று மாலையே முன் சக்கரத்தைக் கழற்றி, டயரை நீக்கி, அவள் அப்பா கடைத் தராசில் நிறுத்தோம். எடையை அவளே மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இருவரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சாமான் விற்கும் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் என் கண் ஒரு ஜோடி வார்ப்புச் சக்கரத்தில் போய் நின்றது. கம்பியே கிடையாது. நட்சத்திரம் போல ஐந்து கை, கறுப்பு வண்ணம், ஓரத்தில் வெள்ளி மினுமினுப்பு. சினிமாவில் வரும் சக்கரம். என் வண்டியில் அது மாட்டியிருப்பதை அங்கேயே பார்த்துவிட்டேன்.

"அலாய் வீல் சார், கப்பல்ல வந்தது. மெட்ராஸ்ல பந்தயம் ஓட்டுற பசங்கோ இதத்தான் கேட்டுகினு வரானுங்கோ. ஜல்தியா சொல்லுங்கோ, சாயங்காலம் ஒருத்தர் வராரு" என்றார் கடைக்காரர்.

மனைவி பையைத் திறந்து கொக்கித் தராசை எடுத்தாள். கூரைக் கம்பியில் மாட்டச் சொன்னாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"யம்மா, இன்னா பட்டு வாங்க வந்துகிறியா?"

"எடை போட்டு வாங்கினாத்தான் எங்களுக்குப் பழக்கம். கொஞ்சம் தூக்கிக் குடுங்க" என்றாள் அவள், சிரிக்காமல்.

நட்சத்திரச் சக்கரம் தராசில் தொங்கியது. முள் இறங்கியது, இன்னும் இறங்கியது. எங்கள் பழைய இரும்புச் சக்கரத்தைவிட அது கனம்! நான் நம்பாமல் இரண்டாவதையும் தொங்கவிட்டேன். அதுவும் அப்படியே. அலாய் என்றால் இலேசு என்று நினைத்திருந்தேன். ஐந்து கையையும் அவ்வளவு தடிமனாக வார்த்திருந்தால் எங்கிருந்து இலேசாகும்?

கடைக்காரருக்கே வியப்பு. "எம்மாங் காலமா விக்கிறேன், நிறுத்துப் பார்த்ததே இல்ல" என்றார். அதன்பிறகு அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும். பரணில் ஏறி, தூசியோடு இரண்டு வெறும் ரிம்களை இறக்கினார். அலுமினியம். கரடுமுரடான காட்டுப் பாதையில் ஓட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டியினுடையது. பளபளப்பு செத்து, பழைய சாப்பாட்டுத் தட்டு நிறத்தில் இருந்தது. ஒன்றைத் தராசில் மாட்டியதும் முள் பாதி வழியில் நின்றுவிட்டது; குடமும் கம்பியும் சேர்ந்தாலும் பழையதைத் தொடாது. கம்பித் துளைகளை எண்ணினேன். எங்கள் சக்கரத்தின் நடுவில் கம்பிகள் சேரும் அச்சுக்குடத்துக்குப் பொருந்தும் எண்ணிக்கை. விட்டமும் அதே. தரையில் உருட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று மனைவி வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

உண்மையைச் சொன்னால், ரிம்களை வாங்கிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வரும்போதுகூட நான் அந்த நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்த்தேன். "அழகா இருக்குதுதான். ஆனா நீங்க ஓட்டத்தானே போறீங்க, நிறுத்திவெச்சிப் பாக்கவா போறீங்க?" என்றாள்.

ரிம் மாற்றுவது என்றால் குடத்திலிருந்து ஒவ்வொரு கம்பியையும் கழற்றிப் புதிதாகக் கோக்க வேண்டும். ஊரில் எங்கள் மெக்கானிக் பார்த்ததுமே கையை விரித்தார். "இது தட்டு மாதிரி நெளிஞ்சிடும் சார், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது." ஆகவே நானே உட்கார்ந்தேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சட்டத்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கட்டிவைத்து, சக்கரம் சுற்றும்போது எங்கே கோடு விழுகிறதோ அங்கே கம்பியை முடுக்குவது, எதிர்ப் பக்கத்தில் தளர்த்துவது. முதல் முறை கோத்ததில் சக்கரம் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. பிரித்தேன். மறுபடி கோத்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. சக்கரம் ஒரு நாள் சுண்ணாம்பைத் தொடாமல் சுற்றியபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சக்கரம் ஆடாமல் சுற்றுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

சந்தவாசல் வளைவுகளுக்குக் கொண்டுபோனேன். முதல் வளைவில் வண்டி நான் நினைத்ததைவிட வேகமாகச் சாய்ந்து என்னைப் பயமுறுத்தியது. இரண்டாவதில் பழகிவிட்டது. மூன்றாவதில் நான் தலைக்கவசத்துக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நாலாவதில் பின் டயர் காற்றுப் போய்விட்டது. புது ரிம்முக்குப் பழைய கம்பி கொஞ்சம் நீளம். அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தியிருந்தது. கொளுத்தும் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு மாட்டு வண்டிக்காரரைக் கெஞ்சி நெல் மூட்டைகள் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இறக்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. மெக்கானிக்கும் வந்து பார்த்தார். ரிம் நெளியவில்லை என்பதைக் கண்டதும், கேட்காமலே அரம் எடுத்துவந்து என்னோடு உட்கார்ந்து கம்பி முனைகளை ராவினார்.

பந்தயத்தன்று மனைவி அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். "புழுதியில பட்டா?" என்றேன். "ஆரணியிலிருந்து வந்திருக்கோம்னு தெரிய வேணாமா?" என்றாள். சோழவரத்தில் வெயில் கான்கிரீட்டிலிருந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. என் பிரிவிலேயே அதே நட்சத்திரச் சக்கரங்களோடு ஒரு வண்டி நின்றது. சென்னை இளைஞர் ஒருவர் வாங்கி மாட்டியிருந்தார். எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். என் வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை.

கொடி விழுந்ததும் நேர்ப்பாதையில் அவர் என்னைத் தாண்டிப் போனார். எஞ்சின் நன்றாக இருந்தது, தாண்டட்டும். முதல் திருப்பத்தில் அவர் சீக்கிரமே பிரேக் பிடித்தார். நான் இன்னும் உள்ளே போய்ப் பிடித்தேன். கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் அவர் சக்கரம் எகிறுவது எனக்குத் தெரிந்தது. என்னுடையது தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. திருப்பம் முடிந்து முறுக்கினால் வண்டி உடனே எழும்பியது. ஒவ்வொரு சுற்றிலும் திருப்பங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, கடைசிச் சுற்றுக்கு முன் அவரைத் தாண்டினேன். அதன்பின் யாரும் என்னைத் தாண்டவில்லை. எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள்.

மூன்றாம் இடம். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி ஊர் பெயரையும் சொன்னார்கள். பட்டைப் பற்றி இல்லாமல் வேறொன்றுக்காக எங்கள் ஊரின் பெயரை நான் ஒலிபெருக்கியில் கேட்டது அன்றுதான். நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க முயலவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சென்னை இளைஞர் வந்து என் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். "இது எங்க சார் கெடச்சுது? யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் எழுந்து நின்று, அவளிடம் நேராகவே கேட்க ஆரம்பித்தார். நான் பெட்ரோல் டப்பாவை மூடுகிற மாதிரி நின்று, அவள் அவருக்கு ராட்டையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோப்பை வாங்கியபோதுகூட அவ்வளவு பெருமையாக இல்லை.

மறுநாள் அப்பா கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சேலை வியாபாரிகள் கூடும் இடத்துக்குப் போய்விட்டார். மாலையில் ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து, "மொத எடமாமே?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "மூணாவதுதான் மாமா" என்றாள் அப்பாவிடம், மெதுவாக.

"முன்னாடி போன ரெண்டும் என்னா வண்டியோ, எவன் கண்டான்? நம்ம வண்டியில நம்மதான் மொதல்" என்றார் அப்பா. பிறகு வியாபாரியை முற்றத்துக்கு அழைத்துப்போய், குனிந்து முன் சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் எங்க மருமவ செலக்சன். பாரு, எம்மாம் லேசு!"