முதலில் போட்டுப் பார்த்தவர்

முனீஸ் போய் இன்றோடு பதினாறு நாள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் பனியன் கம்பெனியின் சேம்பிள் செக்‌ஷனில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தவர். பெயருக்குத்தான் அந்த வேலை. அவர்தான் எங்கள் மீடியம்.

2003-ல் டெக்ஸ்டைல் படிப்பை முடித்து ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த வாரம், ஜெர்மனிக்குப் போகவேண்டிய டீ-ஷர்ட் ஒன்று தைத்து வந்தது. டேப் வைத்துப் பார்த்தேன். பட்டியலில் இருந்த அளவெல்லாம் சரி. "எதுக்கும் முனீசுக்குப் போட்டுப் பாத்துருங்க தரணி" என்றார் சேம்பிள் டெய்லர் நல்லான். முனீஸ் தன் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு அதைப் போட்டார். கையைத் தூக்கினார், குனிந்தார், ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார்.

"கக்கத்துல பிடிக்குது சார். கால் இஞ்ச் விடச் சொல்லுங்க."

விட்டோம். எங்கோ ஒருவர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கும்போது அவருக்கு எதுவும் உறுத்தாமல் போனது முனீஸ் சொன்ன அந்தக் கால் இஞ்சால்தான். நெஞ்சு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை. அச்சாக மீடியம் சைஸ். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்த உடம்பு, அவர் கண்ணால் பார்த்திராத நாட்டுக்காரர்களின் அளவில் எப்படி அமைந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கம்பெனியில் யார் யார் என்று உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலாளி கிட்டுசாமிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மெஷின் எண்ணெய் பக்கம் போகத் தேவையில்லாதவரின் வெள்ளை. எனக்கு இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அட்டை. மற்ற எல்லோருக்கும் செகண்ட்ஸ், அதாவது ஊசி ஓட்டை விழுந்தோ சாயம் மாறியோ எக்ஸ்போர்ட்டில் கழிந்த டீ-ஷர்ட். நெஞ்சில் இருப்பது எந்தக் கல்லூரியின் பெயர் என்று போட்டிருப்பவருக்கே தெரியாது.

முனீஸ் மட்டும் செகண்ட்ஸைத் தொடமாட்டார். துணி எடுத்து, டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்த முழுக்கைச் சட்டைதான். சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுப் பட்டன் போட்டிருக்கும்.

"ஏனுங் முனீசு, ஊரே பனியனப் போட்டுட்டுத் திரியுது. உங்களுக்கு மட்டும் கல்யாணமுங்களா தெனமும்?" என்பார் நல்லான்.

"பொண்ணு பாத்து வைங்க. எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லணும், அம்புட்டுதான்" என்பார் முனீஸ்.

ஒருநாள் டீ நேரத்தில் என்னிடம் மட்டும் காரணம் சொன்னார். அவர் அப்பா ஒரு பெரிய வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். அந்த வீட்டில் கழித்த துணிதான் இவர்களுக்குத் தீபாவளி. ஆறாம் வகுப்பில் அந்த வீட்டுப் பையன் எழுந்து, "டேய், அது என் சட்டைடா. காலருக்கு அடியில மசி இருக்கும் பாரு" என்றானாம். பக்கத்தில் இருந்தவன் காலரைத் தூக்கிப் பார்த்தான். மசி இருந்தது.

"அங்கனயே கழட்டிக் குடுத்துட்டு வெத்து உடம்போட வீட்டுக்கு நடந்தேன் சார். அடுத்தவன் கழிச்சதப் போடுறதில்லன்னு அன்னைக்கு நெனச்சது."

"அப்ப இங்க தினமும் யாருக்கோ தைச்ச சட்டையத்தானே போடறீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க!" என்று சிரித்தார். "நான் போட்ட பெறகுதான சார் அவன் போடுறான்."

டெக்ஸ்டைல் பற்றி நான்கு வருடம் படித்ததில் இது எங்கும் இல்லை.

2007-ல் ஒரு போலோ டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. எட்டாயிரம் பீஸ், உடம்பை ஒட்டி நிற்கவேண்டிய ஃபிட். ஃபிட்டிங்கை வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் எங்கள் பொறுப்பில் விட்டிருந்தார். சில மாதங்களாக முனீஸ் திரைக்குப் பின்னால் போய்த்தான் சட்டை மாற்றினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றும் அப்படியே போட்டு வந்து நின்றார். நெஞ்சில் கச்சிதம். தோள் மட்டும் அரை இஞ்ச் கீழே இறங்கியது.

"தோள் எப்படிங்க முனீஸ்?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க சார்."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நான் என் கண்ணை நம்பி, துணி வெட்டும் பேட்டர்னில் தோளை அரை இஞ்ச் குறைக்கச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கட்டிங் டேபிளில் துணி அடுக்கடுக்காக விரித்திருந்தது. முதலாளியும் நல்லானும் நின்றிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் மெஷினைக் கையில் எடுத்தபோது முனீஸ் உள்ளே வந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க சார். தப்பு சட்டைல இல்ல."

பட்டனைக் கழற்றினார். சட்டைக்குள் ஒரு பனியன். அதைக் கழற்றினால் இன்னொன்று. அதற்குள்ளும் ஒன்று. எல்லாவற்றையும் மடித்து டேபிள் ஓரத்தில் வைத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றார். காறை எலும்பு தனியாகத் தெரிந்தது.

"ஆறு மாசமா இத வச்சுத்தான் மீடியமா நின்னேன். நெஞ்ச ரொப்பிட்டேன், தோள ரொப்ப முடியல. இப்ப அளவெடுங்க."

நெஞ்சு முப்பத்தாறு. தோள் பதினாறு.

"என்ன கண்ணு உடம்புக்கு?" என்றார் கிட்டுசாமி.

"வயித்துல கட்டின்னு சொல்றாகய்யா."

"அதச் சொல்றதுக்கென்ன சாமி?"

"மீடியம் இல்லன்னா எனக்கு இங்க என்னய்யா சோலி?"

கிட்டுசாமி அந்த மூன்று பனியன்களைப் பார்த்தார். "ஏன், நம்ம ஆர்டர்ல ஸ்மால் இல்லையா? நாளைல இருந்து நீ ஸ்மாலு. இன்னைக்கு ஊட்டுக்குப் போய்ப் படு."

நல்லான்தான் முதலில் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோள் பழைய அளவுக்கே திரும்பியது. எட்டாயிரம் பீஸில் ஒன்றுகூடக் குறை சொல்லி வரவில்லை. அதன்பிறகு ஐந்து மாதம் முனீஸ் எங்கள் ஸ்மால். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் வந்து கையைத் தூக்கிக் குனிந்து உட்கார்ந்து எழுந்தார். பிறகு ஸ்மாலும் தொளதொளத்தது.

முனீஸ் இறந்த அன்று காலை அவர் மனைவி வேல்விழி போன் செய்தார். நானும் நல்லானும் போனோம். ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி பன்னிரண்டுக்கு. கோடி வேட்டி வந்திருந்தது. இருப்பதில் புதிய சட்டையைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். அதற்குள் அவரைத் தேடவேண்டியிருந்தது.

"அடுத்தவுக சட்டையப் போட்ட மாதிரி இருக்கு சார்" என்றார் வேல்விழி. "இதோட அனுப்புனா அவருக்கு ஆகாது."

முதலாளிக்குப் போன் போட்டேன். "எனக்குன்னு எடுத்து வெச்ச வெள்ளத் துணி வெட்டாம இருக்குது. நானே கொண்டாறேன், நல்லான மெஷினுக்குப் போகச் சொல்லு" என்றார். கடைசியாகப் பார்த்த அளவு என் மனதில் இருந்தது. அதிலும் ஒரு இஞ்ச் குறைத்துச் சொன்னேன். நல்லான் ஒன்றேகால் மணி நேரத்தில் தைத்து, அயர்ன் போட்டுக் கொண்டுவந்தார்.

முழுக்கை, வெள்ளை. நான்தான் போட்டுவிட்டேன். மணிக்கட்டுப் பட்டனைப் பூட்டிவிட்டு, கைக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். கக்கத்தில் பிடிக்கவில்லை.